பந்து கிடந்த இடம்

வந்தவர்கள் நான்கு பேர். எங்கள் பனியன் கம்பெனி முதலாளி தங்கமுத்து அண்ணன். எங்களிடம் சரக்கு வாங்குகிற, நெதர்லாந்திலிருந்து வந்திருந்த பையர் ஹென்ரிக். செக்கிங் டேபிளில் ஏழாம் நம்பர் பேச்சியம்மாள் அக்கா. அப்புறம் நான்.

வராதவர்கள் இரண்டு பேர். முதலாளியின் மகன் — எங்கள் கம்பெனியிலேயே கோல்ஃப் ஆடத் தெரிந்த ஒரே ஆள் — காய்ச்சலில் படுத்துவிட்டார். மைதானத்தில் எங்கள் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்து, இப்படி ஆடு, அப்படி ஆடாதே என்று சொல்ல வேண்டிய ஆளோ, ஊரில் கோயில் திருவிழா என்று லீவு போட்டுவிட்டார்.

ஆக, மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை கோல்ஃப் ஆடப் போன நால்வரில் கோல்ஃப் தெரிந்தவர் ஒரே ஒருவர். அவரும் விருந்தாளி!

இதை எழுதலாமா வேண்டாமா என்று நிறைய யோசித்தேன். கடைசியில் முதலாளியிடமே கேட்டுவிட்டேன். "எழுதுங்க தம்பி, பேரை மட்டும் மாத்திப் போட்டுருங்க" என்றார். மாற்றிவிட்டேன். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும், நான் திருப்பூர் பக்கம் அருள்புரத்தில் மெர்ச்சண்டைசர். புதிதாகப் படிப்பவர்களுக்கு: பையர் சொல்வதை முதலாளிக்குச் சொல்லி, முதலாளி சொல்லாமல் விட்டதைப் பையருக்குச் சொல்லாமல் பார்த்துக்கொள்கிற வேலை. சம்பளம் பரவாயில்லை.

விஷயத்துக்கு வருகிறேன்.

அதற்கு முந்தைய மாதம் ஹென்ரிக்கிடமிருந்து ஒரு மெயில் வந்தது. இரண்டு ஷிப்மென்ட்டில் அடுத்தடுத்து ஓட்டை விழுந்த பீஸ்கள் கடை வரைக்கும் போய்விட்டன. அதனால் அடுத்த சீசனிலிருந்து செக்கிங்கும் பேக்கிங்கும் எங்களிடம் வேண்டாம். தைத்ததை அப்படியே தூத்துக்குடியில் ஒரு ஏஜென்சியின் குடோனுக்கு அனுப்பிவிட்டால் போதும், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நேரில் வருகிறேன், பேசி முடிவு செய்வோம்...

இரண்டு நாளில் இந்த மெயில் செக்கிங் டேபிளுக்கும் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். பனியன் கம்பெனியில் மெயிலைவிட வேகமானது டீ டைம்.

செக்கிங் டேபிள் என்றால் நீள மேஜை, தலைக்கு மேல் ட்யூப்லைட், இரண்டு பக்கமும் முப்பத்திரண்டு பெண்கள். தைத்து வருகிற ஒவ்வொரு பீஸையும் உள்ளே வெளியே புரட்டி, ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசிக்கோடு எது இருந்தாலும் அந்த இடத்தில் சிவப்பாக ஒரு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்குவது அவர்கள் வேலை. பாதிப் பேர் முன்பு டெய்லர்கள். முதுகுவலி வந்து மெஷினை விட்டவர்கள். இந்த மேஜையும் போனால் போக வேறு இடம் இல்லாதவர்கள்.

பேச்சியக்கா தேனிப் பக்கத்திலிருந்து பதினான்கு வருஷத்துக்கு முன் வந்தவர். நாற்பதைத் தொடப் போகிறார். இருட்டில் கறுப்புத் துணியில் கறுப்பு நூல் விட்டுப்போனதைப் பிடித்துவிடுவார் என்று சொல்வார்கள். கொஞ்சம் மிகைதான். ஆனால் கொஞ்சம்தான்.

சரி, அவர் எப்படி கோல்ஃப் ஆட வந்தார்?

வெள்ளிக்கிழமை ஹென்ரிக் ஃபேக்டரியைச் சுற்றிப் பார்த்தார். திங்கட்கிழமை கப்பலுக்குக் கிளம்ப வேண்டிய குழந்தைகள் ஹூடி, பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தது. நாலைந்து பெட்டியைப் பிரித்துப் பார்த்தவர், ஒவ்வொரு பீஸிலும் செக் செய்தவரின் நம்பர் சீட்டு இருப்பதைக் கவனித்தார். "இந்த ஏழாம் நம்பர் யார்? ஏழு போட்ட பீஸில் எனக்கு ஒரு குறையும் கிடைக்கவில்லையே" என்றார். அக்காவைக் கூப்பிட்டோம். கை குலுக்கினார். "ஞாயிறு நாங்கள் மலைக்குப் போகிறோம், நீங்களும் வாருங்கள், எப்போதும் ட்யூப்லைட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே" என்றார்.

முதலாளி சிரித்தார். ஆனால் கண் சிரிக்கவில்லை.

விருந்தாளி கூப்பிட்டுவிட்டார். மறுக்க முடியுமா? எங்கள் கொங்குப் பக்கம் விருந்தாளி வாயிலிருந்து ஒரு வார்த்தை விழுந்தால் அது அரசாணை.

அன்று சாயங்காலம் மற்ற முப்பத்தொரு பேரும் அக்காவைச் சுற்றிக்கொண்டார்கள். "நீ போறதே நல்லதாப் போச்சு. எப்படியாவது அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லிப்போட்டு வா. டேபிளை எடுக்க வேண்டாம்னு சொல்லு." அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அக்கா வந்தார். புதுச்சேலை, அதற்கு மேல் எங்கள் கம்பெனியிலேயே கழித்துப்போட்ட ஒரு ஹூடி. ஹூடியின் கையில் ஒரு தையல் தப்பு. "இத ஒதுக்குனதே நாந்தான் தம்பி" என்றார் என்னிடம், ஏதோ மெடலைக் காட்டுவது போல.

முதலாளியே கார் ஓட்டினார். பக்கத்தில் ஹென்ரிக். பின்னால் நானும் அக்காவும். அவிநாசி தாண்டியதுமே முதலாளி கண்ணாடியில் என்னைப் பார்த்து ஆரம்பித்தார். ஹென்ரிக்குக்குத்தான் தமிழ் தெரியாதே.

"தம்பி, ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்குங்க. இன்னைக்கு ஜெயிக்கறது சாருதானுங்க."

"அண்ணா, நமக்கு ஆடவே தெரியாதுங்க. தோக்கறதுக்குத் தனியா பாடுபட வேண்டியதில்லீங்க."

"அதுக்கில்லீங்க. மனுசன் சந்தோசமா மலையிறங்கோணும். அந்த மெயிலை மறந்துபோட்டு எறங்கோணும். அவ்வளவுதான்."

அக்கா என் காதருகே வந்தார். "நான் எப்பத் தம்பி சொல்ல?"

"நேரம் பார்த்து நானே சொல்றேன்க்கா, அப்பச் சொல்லுங்க."

அந்த மைதானத்தின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அடுத்த ஞாயிறு பாதித் திருப்பூர் அங்கே பிரியாணிப் பாத்திரத்தோடு நிற்கும். மேற்கே மலையேறி, தேயிலைத் தோட்டங்களைத் தாண்டி, சோலைக்காட்டின் ஓரமாக இருக்கிறது. மெம்பர், கிளப் என்று எந்தக் கெடுபிடியும் இல்லை. டிக்கெட் வாங்கினால் யார் வேண்டுமானாலும் ஆடலாம். மட்டை, பந்து எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். ஒன்பது குழி.

கோல்ஃப் மைதானம் என்றால் டிவியில் பார்க்கிற மாதிரி கம்பளம் விரித்தது போலிருக்கும் என்று நினைத்துப் போனேன். இது வேறு. மலையை யாரும் சமப்படுத்தவே இல்லை! மலை எப்படிக் கிடந்ததோ அப்படியே விட்டு, நடுநடுவே புல்லை மட்டும் வெட்டியிருக்கிறார்கள். இரண்டாவது குழிக்குக் குறுக்கே வீடு உயரப் பாறை ஒன்று. அதைத் தாண்டி அடிக்க வேண்டும், அல்லது சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஓர் ஓடை மூன்றாவது குழி வரைக்கும் நம் கூடவே வருகிறது; அப்புறம் ஒரு பொந்துக்குள் விழுந்து காணாமல் போய்விடுகிறது. தரைக்கு அடியில் எங்கோ ஓடி, ஆறாவது குழிக்கு முன்னால் மறுபடியும் கசிந்து வந்து பெரிய சதுப்பாக நிற்கிறது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பஞ்சு மாதிரி மூடுபனி வரும். பக்கத்தில் நிற்கிற ஆள் மறைந்துபோவார். அப்புறம் பனி விலகும். அவர் அங்கேயேதான் நின்றிருப்பார், ஆனால் கொஞ்சம் நனைந்து.

"கேஸ் போட்ட மாதிரி இருக்குதுங்க" என்றார் முதலாளி, தோல் மாதிரி வழுவழுப்பாக இருந்த புல்லைத் தடவிப் பார்த்து. துணிக்கு நெருப்புக் காட்டி நூல்பிசிறு எடுப்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மலையுச்சிக்குப் போனாலும் பனியன்காரன் பனியன்காரன்தான்.

ஆட்டம் ஆரம்பித்தது.

ஹென்ரிக் அடித்த முதல் பந்து அழகாகப் பறந்து போய் விழுந்தது. நான் மட்டையை மூன்று தடவை வீசினேன். மூன்று தடவையும் காற்றுக்குத்தான் அடி. முதலாளி வீசியது மண்வெட்டி வீச்சு. ஒரு முழம் புல்லு வேரோடு பெயர்ந்து பறந்தது. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் பந்தைப் பார்க்கவே இல்லை. ஓடிப்போய்ப் பெயர்ந்த புல்லை எடுத்து வந்து, குழியில் வைத்து, காலால் அமுக்கி, "பாவமுங்க, வேர் அறுந்துபோச்சு" என்றார்.

ஹென்ரிக்குக்கு ஒரே ஆச்சரியம். "இதை யார் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? நல்ல கோல்ஃபர் இப்படித்தான் செய்வார்!" என்றார். எந்தத் தோட்டக்காரரும் இப்படித்தான் செய்வார் என்று நான் சொல்லவில்லை.

இரண்டாவது குழியில் முதல் சிக்கல். ஹென்ரிக் அடித்த பந்து பாறை ஓரமாக இலைச்சருகில் விழுந்தது. முதலாளி பாய்ந்து போனார். பந்தை எடுத்தார். கைக்குட்டையால் பளபளவென்று துடைத்தார். இரண்டு கையாலும் ஏந்தி ஹென்ரிக்கிடம் நீட்டினார், வெற்றிலைத் தட்டு நீட்டுவது போல.

ஹென்ரிக் சிரித்துவிட்டார். பொறுமையாகச் சொன்னார். "கோல்ஃபில் முக்கியமான விஷயமே இதுதான். பந்து எங்கே கிடக்கிறதோ அங்கிருந்துதான் அடிக்க வேண்டும். சருகோ, சேறோ, முள்ளோ. யாரும் தொடக்கூடாது." நான் மொழிபெயர்த்தேன். முதலாளி பவ்யமாகத் தலையாட்டினார். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது — இதென்ன ஆட்டமுங்க, விருந்தாளியைச் சருகுக்குள்ள விட்டுட்டு நாம பார்த்துட்டு நிக்கறதா?

நம் ஊரில் சாப்பிடும்போது "போதும்" என்று இலையை மறைத்தாலும் விரல் சந்தில் பரிமாறுகிறவர்கள் நாம். போதும் என்ற சொல்லை நம்புவதே மரியாதைக் குறைவு. "தொடாதீங்க" என்பதையும் அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

நான்காவது குழியில் காட்டெருமைகள். மூன்று. நாங்கள் அடிக்க வேண்டிய பாதைக்கு நடுவில் நின்று மேய்ந்துகொண்டிருந்தன. 'காட்டெருமை நின்றால் காத்திருக்கவும்' என்று போர்டே வைத்திருக்கிறார்கள். காத்திருந்தோம். அரைமணி நேரம். முதலாளி பையைப் பிரித்தார். போளி மாதிரி இனிப்பான ஒப்புட்டு, முறுக்கு, ஃபிளாஸ்க்கில் காபி. "இன்னொண்ணு சாப்புடுங்க சார், ஒன் மோர், ஒன் மோர்."

அக்கா என்னைப் பார்த்தார். புருவத்தைத் தூக்கினார். இப்பவா?

நான் தலையை ஆட்டினேன். இப்ப இல்லக்கா.

ஏன் இப்ப இல்லை? எனக்கே தெரியாது. முதலாளி பக்கத்தில் இருந்தார். ஹென்ரிக் வாயில் ஒப்புட்டு இருந்தது. மனிதர் சந்தோஷமாக இருந்தார். எதற்குக் கெடுப்பது? இப்படி 'எதற்குக் கெடுப்பது' என்று நினைத்தே எத்தனை விஷயங்களைச் சொல்லாமல் விட்டிருக்கிறோம்...

ஆறாவது குழி. அந்தச் சதுப்பு.

அது ஒரு விசித்திரமான இடம். தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைப் புல்வெளி. கிட்டே போனால் கால் முழங்கால் வரைக்கும் உள்ளே போகும். மேலே முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளைப் பூ. ஒவ்வொரு பூவும் தூரத்துக்குக் கோல்ஃப் பந்து மாதிரியே தெரிகிறது! ஹென்ரிக் அடித்த பந்து நேராக அதற்குள் போய் விழுந்தது.

தேட ஆரம்பித்தோம். ஹென்ரிக் ஒரு பாறைக்கு அந்தப் பக்கம் போய்த் தேடினார். நான் கரையோரமாக நடந்து ஒவ்வொரு பூவாகக் குனிந்து பார்த்தேன். அக்கா தேடவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்று, இடமிருந்து வலமாக, மறுபடி வலமிருந்து இடமாக, மெதுவாகக் கண்ணை ஓட்டினார். மேஜையில் பீஸைப் பார்க்கிற அதே பார்வை.

"அந்தா இருக்கு" என்றார்.

செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் நாலடி போனார். பாதி புதைந்து கிடந்தது பந்து. அக்கா அதைத் தொடவில்லை. பக்கத்தில் கிடந்த ஒரு குச்சியை எடுத்து, பந்தை ஒட்டி நட்டுவைத்தார். பழக்கதோஷம். குறை இருக்கிற இடத்தில் அம்பு ஒட்ட வேண்டாமா? கரையேறி வந்து, "அண்ணே, சாரைக் கூப்பிடுங்க, குச்சி வச்சிருக்கேன்" என்றார் முதலாளியிடம்.

முதலாளி ஹென்ரிக்கைக் கூப்பிடவில்லை. பாறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பேண்ட்டை மடித்துவிட்டார். ஷூவோடு சேற்றில் இறங்கினார். பந்தை எடுத்து, தொடையில் துடைத்து, பத்தடி தள்ளிக் கரையில் நல்ல புல்லாகப் பார்த்து வைத்தார். பூவை வைப்பது போல மெதுவாக. அப்புறம் குரல் கொடுத்தார்.

"சார்! பால் ஹியர்! வெரி குட் பிளேஸ் சார்!"

ஹென்ரிக் ஓடிவந்தார். பந்தைப் பார்த்ததும் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "என்ன அதிர்ஷ்டம்!" என்று மட்டையைத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தார்.

அக்கா என்னிடம் வந்தார். குரலைத் தாழ்த்தவில்லை.

"தம்பி, பந்து இங்கிட்டுக் கெடக்கல. அங்கிட்டுச் சேத்துக்குள்ள கெடந்துச்சு. அவருகிட்டச் சொல்லு."

ஹென்ரிக் என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?"

முதலாளியும் என்னைப் பார்த்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்படிப்பட்டவனுக்குச் சின்ன வயதிலேயே ஒரு வேலை வந்துவிடும். பேங்கில் அதிகாரி சொல்வதை அப்பாவுக்குச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்வதை அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லிச் சொல்லி ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. நடுவில் ஒரு மெத்தையைப் போட்டுவிடுவோம். பேங்கில் 'முடியாது' என்றால் 'அடுத்த மாசம் பார்க்கலாம்னு சொல்றாருப்பா' என்போம். யாருக்கும் அடிபடக் கூடாதே என்கிற நல்ல எண்ணம்தான். ஆனால் மெத்தைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் உண்மையில் என்ன சொன்னார் என்று இந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது.

நான் ஹென்ரிக்கிடம் சொன்னேன்: "குட் லக் சொல்கிறார்."

ஹென்ரிக் அக்காவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "நன்றி!" என்றார், தமிழிலேயே.

அக்கா என்னைப் பார்த்தார். "நான் சொன்னதச் சொன்னியா?"

"சொல்லிட்டேன்க்கா."

"சொல்லியிருந்தா இந்த மனுசன் எதுக்குக் கும்புடுறாரு?"

அதற்குள் ஹென்ரிக் மட்டையை ஓங்கிவிட்டார். அக்கா விறுவிறுவென்று மறுபடியும் சேற்றில் இறங்கினார். புதுச்சேலை முழங்கால் வரை நனைந்தது. குச்சிக்குப் பக்கத்தில் போய் நின்றார். பந்து கிடந்த குழியில் தண்ணீர் ஊறி நிரம்பிக்கொண்டிருந்தது. அதைக் காட்டினார். அப்புறம் ஹென்ரிக் காலடியில் இருந்த பந்தைக் காட்டினார். மறுபடி குழியைக் காட்டினார்.

இதற்கு மொழிபெயர்ப்பு தேவையா?

ஹென்ரிக் மட்டையைக் கீழே இறக்கினார். குச்சியைப் பார்த்தார். முதலாளியின் சேறு படிந்த ஷூவைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். "இவர் என்னதான் சொன்னார்?"

இந்தத் தடவை சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டாமல், குறைக்காமல். சொல்லி முடித்துவிட்டு, "முதல் தடவையும் இதைத்தான் சொன்னார், நான்தான் மாற்றிவிட்டேன்" என்பதையும் சேர்த்துச் சொன்னேன். காது சூடாகிவிட்டது. அந்தக் குளிரில்.

"யூ கெஸ்ட் சார்" என்றார் முதலாளி. "மட் சார். யுவர் ஷூ... நோ குட் சார்." அப்புறம் தமிழில், யாரிடம் என்றில்லாமல்: "வந்த மனுசனைச் சேத்துல எறக்கறதுங்களா?"

ஹென்ரிக் பந்தை எடுத்தார். சேற்றில் இறங்கி, குச்சிக்குப் பக்கத்தில் அதே குழியில் வைத்தார். அடித்தார். சேறு முகத்தில் தெறித்தது. பந்து அசையவில்லை. மறுபடி அடித்தார். இன்னும் சேறு. ஐந்தாவது அடியில்தான் பந்து கரையேறியது. அதற்குள் மனிதருக்கு மூக்குக்கண்ணாடி, மீசை, தொப்பி எல்லாமே மலையின் நிறம்.

வெளியே வந்து ஒரு கல்லில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கத் துணி இல்லை. அக்கா ஹூடியின் கையை நீட்டினார். வாங்கித் துடைத்துக்கொண்டார்.

"பன்னிரண்டு வருஷமாக ஊர் ஊராகப் போய் சப்ளையர்களோடு ஆடுகிறேன்" என்றார் மெதுவாக. "ஒரு ஊரிலும் என் பந்து தொலைந்ததே இல்லை. எங்கே விழுந்தாலும் நல்ல புல்லில்தான் கிடக்கும். என் ஊரில் நண்பர்களோடு ஆடினால் மட்டும் சேறு, முள், தண்ணீர். ஆசியாவின் சீதோஷ்ணம் என் ஆட்டத்துக்கு ஒத்துக்கொள்கிறது என்று என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்..."

"என்னவாம்?" என்றார் அக்கா.

அப்படியே சொன்னேன். மெத்தை இல்லாமல்.

அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டும் முடியவில்லை. அதைப் பார்த்து ஹென்ரிக்கும் சிரித்தார். ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார். பாவமாகத்தான் இருந்தது. தான் ஆடியதாக நினைத்த பன்னிரண்டு வருஷ ஆட்டத்தில் எது தன்னுடையது, எது மற்றவர் மரியாதை என்று ஒரு மனிதர் கல்லில் உட்கார்ந்து யோசிப்பதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. அவருக்கு யாரும் கெடுதல் நினைக்கவில்லை. எல்லாரும் அன்பாகத்தான் இருந்திருக்கிறார்கள். அதுதான் பிரச்சினையே.

அப்புறம் நிமிர்ந்தார். கேட்டார்: "திங்கட்கிழமை போகிற என் பெட்டிகளில்... இந்தப் பந்து மாதிரி ஏதாவது இருக்கிறதா?"

நான் அக்கா பக்கம் திரும்பினேன். வாயைத் திறந்தேன்.

"நீங்க இருங்க தம்பி" என்றார் முதலாளி. "நானே சொல்றனுங்க."

மூடுபனி வந்து எங்கள் நாலு பேரையும் மூடியது. உள்ளே இருந்து அவர் குரல் மட்டும் வந்தது.

"சார்... ஃபார்ட்டி டூ பாக்ஸ். நோ செக்கிங் சார். டைம் நோ. ஐ டோல்டு, க்ளோஸ். மை மிஸ்டேக் சார்."

பனிக்குள்ளிருந்து இன்னொரு குரல். "நாப்பத்திரெண்டு இல்லண்ணே. நாப்பத்திநாலு."

"...ஃபார்ட்டி ஃபோர் சார்."

பனி விலகியபோது மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்கள். நான் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹென்ரிக் ஆட்டத்தைப் பாதியில் விடும் பழக்கம் இல்லை என்று மிச்சம் மூன்று குழியையும் ஆடினார். பந்து இரண்டு தடவை புதரில் விழுந்தது. ஒரு தடவை அக்கா கண்டுபிடித்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தாடையால் மட்டும் காட்டினார். இன்னொரு தடவை பந்து கிடைக்கவே இல்லை. "தொலைந்தது" என்று அவரே சொல்லிக்கொண்டார், ஏதோ புதுச் சொல்லைப் பழகிப் பார்ப்பது போல. கடைசியில் எத்தனை அடி என்று எண்ணிப் பார்த்தார். எங்களிடம் சொல்லவில்லை.

கார் பக்கத்தில் வந்ததும்தான் தீர்ப்பு.

அடுத்த சீசனும் செக்கிங் எங்கள் இடத்திலேயே. ஒரு நிபந்தனை: ஏழாம் நம்பர் சரி என்று சொல்லாமல் ஒரு பெட்டியும் மூடக்கூடாது, முதலாளியே சொன்னாலும். அந்த நாற்பத்து நான்கு பெட்டியையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கப்பல் அதுவரை நிற்காது, கடை திறக்கிற தேதியும் மாறாது. அதனால் அவை விமானத்தில் வர வேண்டும். செலவு எங்களுடையது.

அக்காவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் நகரவில்லை.

"அப்ப நான் சொல்ல வந்தத எப்பச் சொல்ல?"

"அதான் முடிஞ்சுபோச்சேக்கா. டேபிள் இருக்கும்."

"அதுக்கு? அங்க முப்பத்தொரு பேரு, சொன்னியா சொன்னியான்னு கேப்பாளுக. சொல்லாமயே நடந்துச்சுன்னு எப்படிச் சொல்லுவேன்?"

நியாயம்தானே. அக்கா ஹென்ரிக் எதிரில் போய் நேராக நின்றார். முட்டிக்குக் கீழே சேறு காய்ந்திருந்தது. "சார், நாங்க முப்பத்திரெண்டு பேரும் நல்லாப் பாப்போம் சார். நேரம் மட்டும் குடுங்க." அவ்வளவுதான். கெஞ்சவில்லை. நான் வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன்.

இறங்கும்போது காரில் ஹென்ரிக் தூங்கிவிட்டார். அடிவாரத்தில் டீக்கு நிறுத்தினோம். முதலாளி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார்.

"ஏனுங்க பேச்சியம்மா, என்ற மேல கோவமுங்களா?"

"எனக்கென்னண்ணே கோவம். நீங்கதான் எம்மேல கோவப்படணும். கூட்டியாந்தவரையே காட்டிக் குடுத்துட்டேன்."

"கோவமில்லீங்க..." என் பக்கம் திரும்பினார். "தம்பி, மொதல்ல நீங்க அவருகிட்ட என்ன சொன்னீங்க? குட் லக்குன்னுங்களா?"

"ஆமாங்ண்ணா."

"நான் பந்தை எடுத்து நல்ல எடத்துல வெச்சேன். நீங்க பேச்சை எடுத்து நல்ல எடத்துல வெச்சீங்க. நாம ரெண்டு பேரும் ஒரே ஆட்டத்தைத்தான் ஆடியிருக்கறமுங்க."

டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் காருக்குப் போய்விட்டார்.

அதற்கப்புறம் நான் யார் பேச்சையும் மாற்றிச் சொல்லவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் இரண்டு தடவை மாற்றிவிட்டேன். முன்பெல்லாம் அது எனக்கே தெரியாது. இப்போது தெரிகிறது. இரண்டு தடவையும் திரும்பப் போய்ச் சரியாகச் சொல்லிவிட்டு வந்தேன். ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பரவாயில்லை.

திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாள் முப்பத்திரண்டு பெண்களும் அந்த நாற்பத்து நான்கு பெட்டியைப் பிரித்துப் பார்த்தார்கள். அறுபத்தோரு பீஸில் அம்பு ஒட்டினார்கள். வியாழக்கிழமை காலை ஏழாம் நம்பர் தலையாட்டிய பிறகு பெட்டிகள் மூடப்பட்டு, விமானத்தில் போயின.

ஆன செலவு: ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய்.